பருமன் அழிவின்மை விதி: சிறு கணினிப் பெட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

விளையாட்டுக் கணினியைச் சிறு பெட்டிக்குள் கட்டி முடிப்போர் இடத்தை மிச்சப்படுத்திவிட்டதாக நம்புகின்றனர். அந்நம்பிக்கை பிழை என்பதே இவ்வாய்வின் துணிபு. பெட்டி சுருங்கும்போது அதன் பருமன் அழிவதில்லை. வேறிடம் போய்க் குடியேறுகிறது. இதைப் பருமன் அழிவின்மை விதி என்க. மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அங்குள்ள மைன்ஸ் ஏரி முன்னாளில் ஹோங் ஃபாட் ஈயச் சுரங்கம். ஈயம் கப்பலேறிப் போயிற்று. தோண்டிய பள்ளமோ போகவில்லை. நீர் நிறைந்து, படகு விட்டு, கரையில் பேரங்காடி எழுப்பும் அளவுக்கு இன்றும் கிடக்கிறது. தோண்டியவர் கணக்கில் வராத பருமன் ஊர்க் கணக்கில் வந்தே தீரும்.

முதற்சான்று மதர்போர்டு. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். 2001இல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பரப்பில் ஐந்தில் மூன்று பங்கு காணோம். ரேம் செருகும் இடம் நான்கு இரண்டாயிற்று. கார்டு செருகும் இடம் ஒன்றே ஒன்றாயிற்று. மீதி விலையில் சேர்ந்தது. பவர் சப்ளையும் அவ்வாறே. எஸ்எஃப்எக்ஸ் வகை உருவில் சிறிது. அதே வாட்டுக்குக் கேட்கும் ரிங்கிட் அதிகம். ஆக, லோ யாட் பிளாசாவின் கணினிக் கடைகளில் பெட்டி குறுகக் குறுக பில் நீள்கிறது.

வலுவான சான்று வெப்பம். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றே 450 வாட் வரை உண்ணும். பிராசஸரும் பிறவும் சேர்ந்தால் 600ஐத் தொடும். உண்டது முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். இதில் 10 லிட்டர்ப் பெட்டிக்கும் 50 லிட்டர்ப் பெட்டிக்கும் வேறுபாடில்லை. சிறு பெட்டியின் சிறு விசிறிகள் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழன்று இரையும், அவ்வளவே. குளிர்நாட்டார் இதைக் கணப்பு என்று கொண்டாடலாம். நண்பகலில் 33 பாகை தொடும் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ கதவைச் சாத்தி ஏர்கான் போட்டாக வேண்டும். ஒரு குதிரைத்திறன் ஏர்கான் அகற்றும் வெப்பம் சுமார் 2,600 வாட். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கணினிக்கே போய்விடும். எனவே அடுக்குமாடிச் சுவருக்கு வெளியே தொங்கும் கம்ப்ரசரையும் கணினியின் உறுப்பாகக் கொள்ளல் வேண்டும். மேசைமேல் இருப்பது முகப்பு மட்டுமே.

அற்றேல், சிறு பெட்டியைத் தூக்கிச் செல்லலாமே எனின், செல்லலாம். செர்டாங் ராயாவில் எம்ஆர்டி ஏறி, டிஆர்எக்ஸில் மாறி, புக்கிட் பிந்தாங்கில் இறங்கும்வரை மடியிலேயே வைத்திருக்கலாம். மானிட்டரும் கீபோர்டும் நாற்காலியும் வீட்டிலேயே இருக்கும் என்பது ஒன்றே குறை. அற்றேல், 115 வாட் மட்டும் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 4060 போட்டால் விதி பொய்க்குமே எனின், இம்மறுப்பு மதிக்கத்தக்கது. விசிறி அடங்கும், ஏர்கான் இளைப்பாறும், பில்லும் இறங்கும். ஆயினும் விதி பொய்க்கவில்லை. 4கே திரையில் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து ஆடும் எண்ணத்தைத் துறந்தவருக்கே இது கைகூடும். இங்கே பருமன் கழிந்தது ஆசையிலிருந்து. ஆகவே பெட்டி வாங்குவோர் மேசையை அளக்குமுன் ஆசையை அளக்கக் கடவர். அது 115 வாட்டுக்குள் அடங்குமெனில் சிறு பெட்டி பொருந்தும். அடங்காதோர் பெரிய பெட்டியை வாங்கி மேசைக்கடியில் தள்ளிவிடுவதே இடச்சிக்கனம் என்க.