நடுவரை ஏசுதல்: லிங்கராஜபுரத்தை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

அங்கதத்தைத் தொல்காப்பியர் இரண்டாகப் பிரித்தார். வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம். வசையை உள்ளே வைத்து, வெளியே வேறொன்றைச் சொல்வது பழிகரப்பு அங்கதம். செய்யுளியலில் அவர் வகுத்த இந்தப் பாகுபாட்டுக்கு பெங்களூர் லிங்கராஜபுரத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தில் வேண்டிய அளவு சான்று கிடைக்கும். ஆஃப்சைடுக்கு விசில் ஊதியதும் "கண்ணு தெரியலயா ரெஃப்பு?" என்று எழும் குரல் முதல் வகை. எதிரணிக்கு பெனால்டி கொடுத்ததும் கோட்டோரத்தில் நிற்கும் கோச் நிதானமாகக் கைதட்டி "சூப்பர் சார், சூப்பர்" என்பது இரண்டாம் வகை.

கால்பந்தின் சட்டநூல் இரண்டையும் அறிந்தே வைத்திருக்கிறது. அதன் 12ஆம் விதி, நடுவரின் முடிவை வாயாலோ செய்கையாலோ எதிர்க்கும் ஆட்டக்காரருக்கு மஞ்சள் அட்டை என்கிறது. அணி நிர்வாகிகள் ஏளனமாகக் கைதட்டினால் அதற்கும் மஞ்சள் அட்டை என்று தனியே சொல்கிறது. இழிசொல்லுக்குச் சிவப்பு. விதியை எழுதியவர்கள் தொல்காப்பியம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் மறைத்துச் சொன்ன வசையும் வசைதான் என்ற இடத்துக்கு அவர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். உள்ளூர் ஆட்டங்களிலோ அந்தக் கைதட்டலுக்கு அட்டை எடுக்கும் நடுவரைக் காண்பது அரிது. எடுத்தால், "கைதட்டினதுக்கா கார்டு?" என்று அடுத்த வசை தொடங்கும்.

லிங்கராஜபுரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பெங்களூரின் வடகிழக்கில், ஹென்னூர் சாலையும் ரயில் பாதைக்கு மேலே செல்லும் மேம்பாலமும் சேர்த்துப் பிடித்திருக்கும் இந்தப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, மலையாளம், ஆங்கிலம் எல்லாம் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒரே அணியில் நாலு வீட்டு மொழி இருக்கும். நடுவரும் பெரும்பாலும் இதே சுற்றுவட்டாரத்துக்காரர். கம்மனஹள்ளியிலோ காக்ஸ் டவுனிலோ வளர்ந்து, இதே மைதானங்களில் ஆடிப் பழகியவர். ஆகவே அவரை எந்த மொழியில் ஏசினாலும் அவருக்குப் புரியும்.

உலகக் கால்பந்தில் அட்டைகள் வந்த கதை இதற்கு நேர்மாறானது. 1966 உலகக் கோப்பையில் வெம்ப்ளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. அர்ஜென்டினாவின் கேப்டன் அன்டோனியோ ராட்டினை வெளியேறச் சொன்னவர் ஜெர்மானிய நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன். ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது, கிரைட்லைனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ராட்டின் நகராமல் நின்றார். ஆட்டம் பல நிமிடங்கள் தடைப்பட்டது. அந்தப் போட்டித் தொடரின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், சாலைச் சிக்னல் விளக்கைப் பார்த்து மஞ்சளும் சிவப்பும் போதும் என்று முடிவுசெய்தார். 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் களமிறங்கின. சொல் புரியாத இடத்துக்காகப் பிறந்த கருவி அது. லிங்கராஜபுரத்து நடுவர் ஒவ்வொரு சொல்லும் புரிந்த நிலையில் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்த பிறகு, ஏசியவனோடு அதே பேருந்து நிறுத்தத்தில் நிற்கவும் வேண்டியிருக்கிறது.

ஏசுபவர்கள் என்ன சொல்லி ஏசுகிறார்கள் என்பதை ஆராய்வது பயனுள்ளது. பாதிக்கு மேல் கண்ணைப் பற்றியவை. இந்தக் குற்றச்சாட்டை அறிவியல் சோதித்துப் பார்த்துவிட்டது. 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஊடேயான்ஸ் என்ற டச்சு ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஆஃப்சைடு பிழைகளைப் பற்றி எழுதினார்கள். கோட்டு நடுவர் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் இல்லாமல் சற்று முன்னே பின்னே நின்றால், அவர் கண்ணில் விழும் காட்சியே ஆட்டக்காரர்களின் இடத்தை மாற்றிக் காட்டுகிறது. பிழை வருவது பார்க்கும் கோணத்தால். அங்கே வேறு யாரை நிறுத்தினாலும் அதே பிழையைத்தான் செய்வார்.

இது பயிற்சி பெற்ற கோட்டு நடுவர்களைப் பற்றிய ஆய்வு. நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் கோட்டு நடுவரே பல நேரம் கிடையாது. இருந்தாலும் கொடியைப் பிடித்திருப்பவர் ஆடும் அணிகளில் ஒன்றின் மாற்று ஆட்டக்காரராக இருப்பார். நடுவர் ஒற்றை ஆள். மைதானத்தின் நடுவில் நின்று, இருபத்திரண்டு பேர் கிளப்பும் புழுதிக்குள், நாற்பது அடி தள்ளி ஓடும் இருவரில் யார் தோள் முன்னால் இருந்தது என்று அரை நொடியில் சொல்ல வேண்டும். கோட்டோரத்துப் பார்வையாளர் அதே காட்சியை இன்னும் மோசமான கோணத்தில் பார்த்துவிட்டு, அவருக்குக் கண் தெரியவில்லை என்கிறார்.

அடுத்தது பணம். "எவ்ளோ வாங்கின?" என்ற கேள்வி. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வெயிலில் ஒரு நாளில் மூன்று நான்கு ஆட்டங்களுக்கு ஓடுபவர், ஷூ வாங்கும் காசுகூடத் தேறாத சம்பளத்துக்கு வருகிறார். வந்து போகும் பெட்ரோலைக் கழித்தால் மிச்சம் என்ன என்று கேட்பவரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாயையும் தமக்கையையும் இழுக்கும் வசைகளைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை சிவப்பு அட்டைக்கு உரியவை, அவ்வளவே.

"ஆட்டத்தில் சூடு இருக்கும், வாயில் நாலு வார்த்தை வரும், அதைப் பெரிதுபடுத்தக் கூடாது" என்று மூத்த ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். நல்ல மனிதர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இந்த வாதம் தவறு, ஏனென்றால் வசை காற்றோடு போவதில்லை, தீர்ப்பை மாற்றுகிறது. 2002இல் நெவில், பால்மர், வில்லியம்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் நாற்பது நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். லிவர்பூலுக்கும் லெஸ்டருக்கும் நடந்த ஆட்டம். ஒரு சாராருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மறு சாராருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்ட நடுவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஐரோப்பாவின் காலி மைதானங்களில் நடந்த ஆட்டங்களும் இதையே காட்டின. கூட்டம் இல்லாதபோது விருந்தாளி அணிக்கு விழும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன.

அப்படியென்றால் கோட்டோரத்தில் கத்துபவர் நடுவரைப் பக்கச்சார்பு உள்ளவர் என்று திட்டித் திட்டி, அந்தச் சார்பைத் தானே உண்டாக்குகிறார். அதிகம் கத்துகிற அணிக்குச் சாதகமாக ஆட்டம் சாயும். அமைதியாக ஆடுகிற பதினாலு வயதுப் பிள்ளைகளின் அணி அதற்கு விலை கொடுக்கும். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அப்பாக்கள் போடும் சத்தத்தை நான் அதனால்தான் மன்னிக்க மறுக்கிறேன்.

நடுவரே இல்லாத கால்பந்தும் ஒரு காலத்தில் இருந்தது. இங்கிலாந்தில் தொடக்கத்தில் ஒவ்வோர் அணியும் தனக்கென ஓர் அம்பயரை அழைத்து வந்தது. இருவரும் ஒத்துப்போகாதபோது, மைதானத்துக்கு வெளியே கடிகாரத்தோடு இருந்த மூன்றாமவரைக் கேட்டார்கள். 1891இல்தான் அந்த மூன்றாமவரைக் களத்துக்குள் கொண்டுவந்து முழு அதிகாரம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு அம்பயர் வைத்துக்கொண்டால் எந்த ஆட்டமும் முடிவதில்லை என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். நம் தெருக்களிலும் நடுவர் இல்லாத ஆட்டம் உண்டு. பந்துக்குச் சொந்தக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதோடு அது முடியும்.

சட்டநூலின் 5ஆம் விதி நடுவர் பிழையே செய்யமாட்டார் என்று எங்கும் சொல்லவில்லை. தன் முடிவு தவறு என்று தெரிந்தால், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் அதை மாற்றிக்கொள்ள அவருக்கு இடம் தருகிறது. தொடங்கிவிட்டால் அந்த முடிவே இறுதி. அதை மதிக்கச் சொல்வது அது முடிவு என்பதற்காக. இந்த வேறுபாடு நம்மவர்களுக்கு ஏறவில்லை. தவறான தீர்ப்பு என்றால் மதிக்கத் தேவையில்லை என்று நம்புகிறோம். சரியான தீர்ப்பை மதிப்பதற்கு விதியே வேண்டாமே.

இது பெரிய அளவில் வெடித்த இடமும் பெங்களூர்தான். 2023 மார்ச் 3ஆம் தேதி, கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். வெளியேற்றச் சுற்றில் பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் ஆடின. கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீகிக்கை, எதிரணி சுவர் அமைக்கும் முன்பே பெங்களூருவின் சுனில் சேத்ரி வலைக்குள் தட்டினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். கேரளாவின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியைக் களத்தை விட்டு வெளியே அழைத்துப் போனார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கேரளா பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதித்தது. ஃப்ரீகிக்கை விரைந்து எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தக் குறிப்பிட்ட தருணத்தில் நடுவர் செய்தது சரியா என்று இன்றும் இரு கட்சியாக வாதிடுகிறார்கள். வாதிடட்டும். ஆனால் கோபம் வந்தால் களத்தைவிட்டு நடந்துவிடலாம் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒவ்வொரு சிறுவனும் கற்றுக்கொண்டான். அபராதத்தைக் கட்ட கிளப் இருக்கிறது. லிங்கராஜபுரத்தில் வெளிநடப்பு செய்த அணியையும் விசில் ஊதிய நடுவரையும் சமாதானம் செய்ய யார் இருக்கிறார்கள்?

"வெளிய வா, பாத்துக்கறேன்" என்ற வசையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 2012 டிசம்பர் 2 அன்று நெதர்லாந்தின் அல்மேரே நகரில் சிறுவர் அணிகளின் ஆட்டம் ஒன்று முடிந்தது. தன் மகன் ஆடும் அணிக்காகச் சம்பளமின்றிக் கோட்டுக் கொடி பிடித்த 41 வயதுத் தந்தையை எதிரணி இளைஞர்கள் சேர்ந்து தாக்கினார்கள். மறுநாள் அவர் இறந்தார். அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். துருக்கியில் 2023 டிசம்பர் 11 அன்று, அங்காராகுஜு கிளப்பின் தலைவரே களத்தில் இறங்கி நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். நாட்டின் லீக் ஆட்டங்கள் நின்றன. அடி விழும்வரை வாய்ச்சொல்லை வெறும் சொல் என்று ஒதுக்கியவர்கள் அந்த நாடுகளிலும் இருந்திருப்பார்கள்.

பெங்களூர்த் தமிழர்களுக்குக் கால்பந்து நினைவு நீண்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன், 1962 ஆசிய விளையாட்டுத் தங்க அணியில் ஆடிய அருமைநாயகம், மோகன் பாகானில் புகழ்பெற்ற உலகநாதன் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அல்சூருக்குப் பக்கத்தில் கௌதம்புராவில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரேசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2002 உலகக் கோப்பையில் கோட்டு நடுவராகக் கொடி பிடித்த இந்தியர் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளேஸ்வரன் சங்கர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்திய அணி இன்றுவரை எட்டாத ஆடவர் உலகக் கோப்பைக் களத்தை ஒரு தமிழர் கொடியோடு எட்டிவிட்டார். திண்டுக்கல்லின் ரூபா தேவி ஆட்டக்காரராக இருந்து நடுவராகி, 2016இல் ஃபிஃபா அங்கீகாரம் பெற்றார். அவரும் உள்ளூர் மைதானங்களில் ஊதித்தான் தொடங்கியிருக்க வேண்டும். முதல் வருடத்தின் வசையைத் தாங்காமல் விசிலைக் கழற்றிவைத்த பிள்ளைகளில் இன்னொரு சங்கர், இன்னொரு ரூபா தேவி இருந்தார்களா என்று எப்படிச் சொல்வது?

மருந்து இல்லாத நோய் அல்ல இது. இங்கிலாந்தில் நடுவரை எதிர்த்துப் பேசுபவரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கும் முறையை 31 அமெச்சூர் லீகுகளில் சோதித்தபோது, அத்தகைய எதிர்ப்பு 38 சதவீதம் குறைந்தது. 2019 முதல் அங்கே அடிமட்ட ஆட்டங்களில் அதுவே நடைமுறை. வெளியே உட்காரும் நேரம் மொத்த ஆட்ட நேரத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்கலாம் என்பது சட்டநூலின் வழிகாட்டல். நாற்பது நிமிட டோர்னமென்ட் ஆட்டத்துக்கு நாலு முதல் ஆறு நிமிடம். மஞ்சள் அட்டை வாங்கியவன் சிரித்துக்கொண்டே ஆடுகிறான். ஆறு நிமிடம் பத்துப் பேரோடு திண்டாடும் அணியோ தன் ஆளைத் தானே அடக்கும். 2025 ஜூலை முதல், நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசலாம் என்ற முறைக்கும் சட்டநூலில் வழிகாட்டல் வந்துவிட்டது.

இதற்கெல்லாம் மாநிலச் சங்கத்தின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். லிங்கராஜபுரத்தில் டோர்னமென்ட் நடத்தும் கிளப்புகள் நுழைவுப் படிவத்திலேயே இரண்டையும் அச்சடித்து, கேப்டனிடமும் கோச்சிடமும் கையெழுத்து வாங்கலாம். கோட்டோரத்து அப்பாக்களுக்குப் பொறுப்பாக ஒவ்வோர் அணியும் ஒரு பெரியவரை எழுதிக்கொடுக்கட்டும். பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அணிக்கு இருவர் சின்னவர்கள் ஆட்டத்தில் கொடி பிடிக்கட்டும். ஒரு காலை முழுக்கக் கொடி பிடித்த பையன் அடுத்த ஞாயிறு "கண்ணு தெரியலயா" என்று கத்தத் தயங்குவான். நடுவரின் சம்பளத்தை, கடைசி ஆட்டம் முடிந்து தோற்ற அணி சூழ்ந்து நிற்கும்போது தேடிக் கொடுக்காமல், முதல் விசிலுக்கு முன்பே உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும்.