மலிவு விலையில் மோட்சம்

வாழ்க்கை அலுத்துப்போன வெள்ளைக்காரருக்கு ஒரு காலத்தில் காசியும் ரிஷிகேசமும் இருந்தன. இப்போது அங்கெல்லாம் கூட்டம், விலையும் ஏறிவிட்டது. ஞானச் சந்தை கிழக்கே நகர்ந்து லாவோஸில் கடை விரித்திருக்கிறது. முதுகில் ஒரு பை, இடுப்பில் யானைப்படம் போட்ட தொளதொளக் காற்சட்டை, கையில் ஒரு பீர்லாவோ பாட்டில். சந்நியாசம் வாங்கிக்கொள்ள இவ்வளவு போதும். பேக்பேக்கர் என்பது இந்த முனிவரின் பூர்வாசிரமப் பெயர்.

அந்த நாட்டுப் பணத்துக்குக் கிப் என்று பெயர். 2021 தொடக்கத்தில் டாலருக்கு 9,000 சொச்சம் கிப். 2024இல் அது 21,000ஐத் தாண்டியது. தலைநகர் வியந்தியானில் பாடம் நடத்தும் வாத்தியாருக்குச் சம்பளத்தில் பாதி கரைந்துபோனது. நம் முனிவருக்கோ யோகம் அடித்தது. 50 டாலரை நீட்டினால் 10 லட்சம் கிப்! நோட்டுகளை மெத்தைமேல் பரப்பிப் படம் எடுத்து, தானும் லட்சாதிபதி என்று ஊருக்குத் தகவல் சொல்கிறார். இழவு வீட்டில் பந்தி பிரமாதம் என்று சொல்லும் உறவினர் நமக்கும் உண்டு. அவர்கூடக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

திடீர் லட்சாதிபதி தாராளமாகச் செலவழிப்பார் என்று நினைத்தால் நீங்கள் ஏமாளி. ஆட்டோக்காரரிடம் 10,000 கிப்புக்காகக் கால்மணி நேரம் மல்லுக்கட்டுவார். அரை டாலர்கூட இல்லை. 'ஊர்க்காரன் கொடுக்கும் விலைதான் கொடுப்பேன்' என்பது அவரது கொள்கை. ஊர்க்காரன் வாங்கும் கூலியை வாங்கிக்கொள்ளச் சொன்னால் மட்டும் அந்தக் கொள்கைக்குக் காது கேட்காது.

முனிவருக்குத் துன்பமே இல்லையா? உண்டு. வயிற்றுப்போக்கு உண்டு, மூட்டைப்பூச்சி உண்டு, அட்டையை விழுங்கிவிட்டு முழிக்கும் ஏடிஎம் உண்டு. மலைப்பாதையில் பேருந்து படுத்துக்கொண்டால் அவருக்கு அது ஒரு சாகசம், நாட்குறிப்பில் நாலு பக்கம். பக்கத்து இருக்கையில் கோழிக்கூடையை மடியில் வைத்திருக்கும் அம்மாளுக்குச் சந்தை தவறிய நாள். அவ்வளவு பெரிய நஷ்டத்திலும் அந்த அம்மாள் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, தன் ஒட்டரிசிச் சோற்றில் ஒரு கவளம் உருட்டி இவர் கையில் வைப்பார். 'எதுவும் இல்லாவிட்டாலும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!' என்று முனிவர் உருகுவார். எதுவும் இல்லாமல் போனது எப்படி என்று கேட்க மாட்டார்.

அந்த அம்மாள் பதில் மரியாதைக்கு அவர் ஊரைப் பார்க்கக் கிளம்பினால் என்ன ஆகும்? வங்கிக் கணக்கு எங்கே, வேலைக் கடிதம் எங்கே, திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? விசா அலுவலக வாசலில் கோப்பைக் கட்டிக்கொண்டு நின்ற நமக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடம். முதுகில் இருக்கும் பை பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். முனிவரைச் சுமந்து திரிவது சட்டைப்பையில் இருக்கும் சின்னப் புத்தகம்தான். எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடலாம்.

லுவாங் பிரபாங்குக்குப் போவோம். 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய ஊர். விடியற்காலையில் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். ஊரார் மண்டியிட்டு ஒட்டரிசிச் சோறு இடுவார்கள். பேச்சுமூச்சு இருக்காது. அந்த அமைதியைத் தேடித்தான் முனிவரும் வருகிறார். வந்து, பத்து வயதுச் சிறு துறவியின் மூக்குக்கு முன்னால் கேமரா வெளிச்சத்தைப் பளிச்சென்று அடிக்கிறார். தள்ளி நில்லுங்கள் என்று அறிவிப்புப் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். முனிவர்களுக்குப் பலகை படிக்கும் வழக்கமில்லை.

அடுத்தது வாங் வியெங். நாம்சோங் என்ற ஆற்றில் லாரி டியூபில் மிதந்துகொண்டே கரைக்குக் கரை குடிப்பது அந்த ஊரின் தீர்த்த யாத்திரை. 2011இல் மட்டும் ஊர் மருத்துவமனைக் கணக்கில் 27 பயணிகள் செத்தார்கள். மறு ஆண்டு அரசு ஆற்றோர மதுக்கடைகளை இழுத்து மூடியது. 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் 6 வெளிநாட்டவர் இறந்தார்கள். 19 வயதுப் பெண்களும் அவர்களில் உண்டு. அந்தச் சாவில் நக்கலுக்கு இடமில்லை. அவர்களுடைய அரசுகள் அங்கே குடிக்கும்போது எச்சரிக்கை என்று தம் மக்களுக்கு அறிவித்தன. ஏன் குடித்தார்கள் என்று எந்த நாகரிகமான மனிதரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போது நாம் என்ன கேட்டோம்? 'குடிகாரன் குடும்பத்துக்கு எதற்கு 10 லட்சம் நிவாரணம்?' வாங் வியெங்கில் செத்தால் துயரம், கருணாபுரத்தில் செத்தால் வரிப்பணம் வீண். சாவிலும் மலிவுச் சாவு என்று ஒன்று இருக்கிறது. அந்த விலைப்பட்டியலை எழுதியதில் நம் கையும் உண்டு.

வாங் வியெங் ஊர் நடுவே ஒரு பழைய விமான ஓடுதளம் கிடக்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் பயன்படுத்தியது. லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962இல் ஜெனீவாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, 1964 முதல் 1973 வரை அந்த நடுநிலை நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டினார்கள். 5,80,000 விமானத் தாக்குதல்கள். கணக்குப் போட்டால் 8 நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை, இரவு பகலாக, 9 ஆண்டுகள். கொத்துக்குண்டுகளில் இருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. ஊரார் அவற்றைப் 'பொம்பி' என்பார்கள். அவற்றில் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணில் தங்கின. வயலில் மண்வெட்டி பட்டால் வெடிக்கும். பந்து என்று குழந்தை எடுத்தால் வெடிக்கும். போர் முடிந்த பிறகு மட்டும் 20,000 பேருக்கு மேல் செத்தார்கள், அல்லது கை கால் இழந்தார்கள். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அங்கே முதன்முதலாக எட்டிப் பார்த்தது 2016இல். மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக ஒபாமா சொன்னார். கொட்டிய சிறு குண்டு ஒன்றுக்கு 33 சென்ட்!

லாவோஸ் ஏன் மலிவு என்று இப்போது புரிகிறதா? உழுதால் உயிர் போகும் நிலத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த விலைக்கும் எதையும் விற்பார்.

வெள்ளைக்காரரைத் திட்டியது போதும் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். நம்மூர்ப் பையன்களும் இப்போது பை மாட்டிக் கிளம்பிவிட்டார்கள். பேரத்தில் குருவை மிஞ்சிய சீடர்கள். பையன்களை விடுங்கள், அரசைப் பாருங்கள். கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2008இல் எழுதப்பட்டது. அமெரிக்கா அதில் கையெழுத்திடவில்லை. அகிம்சைக்குக் காப்புரிமை வைத்திருக்கும் இந்தியாவும் இன்றுவரை இடவில்லை.

சியெங் குவாங் மாநிலத்தில் பான் நாப்பியா என்றொரு கிராமம். அங்கே குண்டுகளின் அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கிறார்கள். வளையலும் வார்க்கிறார்கள். அவை லுவாங் பிரபாங் இரவுச் சந்தைக்கும் வருகின்றன. போனால் ஒன்று வாங்குங்கள். விற்கிற அம்மாள் சொல்லும் விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த அலுமினியம் அவர் ஊரில் வந்து விழுந்தபோது யாரும் அவரிடம் பேரம் பேசவில்லை.