மெனு அண்ணன்

தாமானுக்கு ஒரு மெனு அண்ணன் இருப்பார். லகாட்டில் இருப்பவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மெங்லெம்பு தொழிற்சாலையில் வேலை. யார் வீட்டு மடிக்கணினியைத் தொட்டாலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு என்கிற லினக்ஸைக் குடிவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "சும்மா கெடக்கட்டும் தம்பி, ஆபத்துக்கு ஒதவும்." 2004-இல் மலேசிய அரசாங்கம் திறமூல மென்பொருளுக்கென்று ஒரு பெருந்திட்டம் போட்டது. அதை லகாட்டில் தனியாளாக இன்னும் நடத்திக்கொண்டிருப்பவர் அண்ணன்.

கணினியைத் தட்டியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டுப் பத்து விநாடி காத்திருக்கும். அதன் பெயர் கிரப். அண்ணன் பாஷையில் அது வாசலில் உட்கார்ந்திருக்கும் ஜாகா. பெரிய அப்டேட் ஒன்று வந்தால் விண்டோஸ் தன்னையே வரிசையில் முதலாவதாகப் போட்டுக்கொள்ளும். ஜாகா பின்கட்டுக்குப் போய்விடுவார். உடனே அண்ணனுக்கு அழைப்பு போகும்.

"அண்ணே, மெனு வரல. நேரா விண்டோஸுக்குப் போயிடுது."

"அப்டேட் அடிச்சியா?"

"நான் அடிக்கல. ராத்திரி அதுவா அடிச்சிக்கிச்சு."

"டேட்டா ஒன்னும் போகல லா. பயப்படாதே, வரேன்."

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்று, ஆளாளுக்கு 11-க்குத் தாவிய நாள்களில் அவருடைய மோட்டார் வீட்டு வாசலில் நிற்கவே இல்லை. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லை என்று 11 ஒதுக்கித் தள்ளிய கணினிகளைத் துக்க வீட்டுக்குப் போகும் முகத்தோடு பார்க்கப் போவார். அதில் உபுண்டுவை மட்டும் ஏற்றிவிட்டுக் கல்யாண வீட்டிலிருந்து வருகிற மாதிரி திரும்புவார்.

வந்ததும் வேலையைத் தொடமாட்டார். முதலில் வரலாறு. அந்தக் காலத்தில் வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட்தான் தொடக்க நிரலுக்கு இடம். விண்டோஸ் கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும், கிரப் செத்தது. இப்போது யூஈஎஃப்ஐ. ஆளுக்கொரு கோப்புறை, எதுவும் அழிவதில்லை, வரிசைதான் மாறுகிறது. பெரும்பாலும் பயாஸுக்குள் போய் 'உபுண்டு'வை மேலே ஏற்றினால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. இது அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போகிறவருக்கு யார் கோப்பி கலக்குவார்கள்? அதனால் தம்ப் டிரைவைச் செருகி, கறுப்புத் திரையில் கட்டளைகளை ஓடவிட்டு, நடுவில் ஒருமுறை "ம்ஹூம்" என்பார். அந்த "ம்ஹூம்"முக்குத்தான் கோப்பியோடு வடையும் வரும்.

விண்டோஸைத் திட்டுவார், தன் கட்சியையும் விட்டு வைக்கமாட்டார். 2021-இல் வந்த கிரப் 2.06, பிற இயங்குதளங்களைத் தேடும் வேலையைத் தானாகச் செய்வதை நிறுத்திக்கொண்டது. உபுண்டுவை மேம்படுத்தியதும் மெனுவிலிருந்து விண்டோஸ் காணாமல் போன வீடுகள் உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தி மீட்டுக் கொடுத்தார். "ரெண்டு சம்பந்தியும் ஒரே மாதிரி" என்பது அவர் தீர்ப்பு.

அவரே ஆடிப்போனது 2024 ஆகஸ்ட்டில்தான். இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்று சொல்லி வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், அவற்றில் பலவற்றில் லினக்ஸைத் தொடங்கவே விடாமல் தடுத்தது. ஓர் ஆசிரியை வீட்டில் அண்ணன் வழக்கமான தைரியத்தோடு தொடக்கத்தைக் காவல் காக்கும் செக்யூர் பூட்டை அணைத்தார். உபுண்டு வந்தது. விண்டோஸ் பக்கம் நீலத்திரை காட்டி, வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. எண் இருந்தது ஆசிரியையின் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்த மகன் சிங்கப்பூரில் வேலையில். இரவு எட்டு மணிக்குத்தான் போனை எடுத்தான். அதுவரை அண்ணன் மூன்று கோப்பி குடித்தார், வரலாறு எதுவும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அந்த உபுண்டு பக்கம் போகிறவர் யார்? யாருமில்லை. ஆசிரியைக்கு முரசு அஞ்சலும் பள்ளிப் பாரங்களும் விண்டோஸில்; பிள்ளைகளுக்கு விளையாட்டும் அங்கேதான். எல்லா வீட்டிலும் மெனு வந்ததும் விண்டோஸையே தேர்ந்தெடுத்துப் போகிறார்கள். ஆனாலும் மெனு வராவிட்டால் மனசு கேட்பதில்லை. "அது வந்தாத்தான் கம்ப்யூட்டர் தொறந்த மாதிரி இருக்கு" என்கிறார் ஆசிரியை. அண்ணனின் சாதனை என்றால் இதுதான்: யாருக்கும் தேவைப்படாத ஒன்றை ஊரே தேடும்படி செய்துவிட்டார்.

உங்கள் தாமானிலும் ஒருவர் இருப்பார். கூப்பிடும் முன் அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி எடுத்து வையுங்கள். கோப்பியில் சீனி வேண்டாம். அண்ணனுக்கு இனிப்பு நீர்.