மாட்டிக்கொள்ளாமல் ஆய்வுக்கட்டுரை எழுதுவது எப்படி?

மக்கள் நலவாழ்வு ஆய்வு எழுதப்போகிறீர்களா? முதல் வேலையாகக் ‘காரணம்’ என்ற சொல்லைத் தலைமுழுகிவிடுங்கள். ‘காபி ஆயுளைக் கூட்டுகிறது’ என்று எழுதினால், காபிகூட இறங்காத அளவுக்கு உடம்பு கெட்டவர்களைக் கழித்தீர்களா என்று யாராவது கேட்டுவைப்பார். ‘காபிக்கும் ஆயுளுக்கும் தொடர்பு காணப்படுகிறது’ என்று பட்டும் படாமலும் எழுதுங்கள். கண்டது யார் என்றுகூட அதில் இல்லை, பாருங்கள். முடிவுரைக்கு வந்ததும் தைரியமாகத் தினம் மூன்று கப் குடிக்கச் சொல்லிவிடலாம். அதற்குள் படிப்பவருக்கு முன்பாதி மறந்திருக்கும்.

வயது, வருமானம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் ‘சரிக்கட்டிவிட்டோம்’ என்று ஒரு வரி கட்டாயம். மாதவிடாய் நின்ற பெண்களின் இதயத்தை ஹார்மோன் மாத்திரை காக்கும் என்று சொன்ன அமெரிக்கக் கட்டுரைகளிலும் சரிக்கட்டித்தான் இருந்தார்கள். அதைச் சரிபார்க்கக் குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து நடத்திய பெரிய சோதனையை 2002-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது, இதய நோயும் குறையவில்லை. மாத்திரை கேட்டு வாங்கிய பெண்கள் முன்பே வசதியும் உடம்பில் அக்கறையும் உள்ளவர்கள். அதை எந்தக் கணக்கில் கட்டுவது?

முடிவு தற்செயலானதா என்று பார்க்கும் பி மதிப்பு, வழக்கமான வரம்பைச் சற்றே தாண்டி 0.06 என்று நின்றுவிட்டால் ‘முக்கியத்துவத்தை நெருங்குகிறது’ என்று போடுங்கள். வரம்புக்குச் சற்றே உள்ளே 0.04 வந்தால் ‘விலகிச் செல்கிறது’ என்று எவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஆபத்தை எப்போதும் மடங்கில் சொல்லுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதிய கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. பொய்யில்லை. 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும், அவ்வளவுதான். பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்பது மதிப்பீடு. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதை அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம். நீங்கள் பரிந்துரைக்கும் மருந்தென்றால் மட்டும் நன்மைக்குச் சதவீதம், பக்கவிளைவுக்குப் ‘பத்தாயிரத்தில் ஒருவர்’. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

ஒரே ஒரு தொந்தரவு, புகைப்பழக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும். 709 நுரையீரல் புற்றுநோயாளிகளையும் அதே அளவு வேறு நோயாளிகளையும் விசாரித்து, மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளி, நோயை உண்டாக்குவதில் புகைக்கு முக்கியப் பங்கு உண்டு என்று 1950-இல் நேராகவே எழுதிவிட்டார்கள். டால் தன் சிகரெட்டையும் விட்டார். அவர்களை மேற்கோள் காட்டுங்கள், நல்லது. மாற்று விளக்கங்களைச் சோதித்த அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.