குளிர் தந்த பொறியாளருக்கு

குன்னம் வட்டத்துக் கரிசல் காட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், இங்கே வெயில் மேலிருந்து மட்டுமல்ல, மண்ணிலிருந்தும் அடிக்கும். அந்த வெயிலை ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலோடு நிறுத்திவிட்டீர்கள், பொறியாளரே. சின்னக் காரியமா? 1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில், அச்சகத்துக் காகிதம் ஈரத்தில் ஊதிப்போய் வண்ணம் விலகாமலிருக்க வில்லிஸ் கேரியர் கண்ட வித்தையைப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். காகிதம் மூச்சு விடாது. நாங்களும் அப்படித்தான் என்று எங்களை நம்பினீர்கள் பாருங்கள், அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!

மாசி முகூர்த்தத்தில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். அன்றுதான் உங்கள் வேலையின் சுத்தத்தைக் கண்ணால் பார்த்தேன். இருபக்க ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்து, பூசி, வெள்ளையடித்து, அதன் மேலே வரிசையாக ஸ்பிளிட் ஏசி. எறும்பு நுழைய இடுக்கு இல்லை. நானூறு பேர் விட்ட மூச்சில் ஒரு துளி வீணாகவில்லை. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை இழுப்பதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. அதனால் எல்லாருடைய மூச்சையும் எல்லாருக்கும் பங்கிட்டுவிட்டீர்கள். முன்வரிசையில் இருமிக்கொண்டிருந்த பெரியவரின் பங்கு கடைசி வரிசைக் கைக்குழந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. மொய் எழுதுகிற இடத்தில்கூட இப்படியொரு சமத்துவத்தை நான் கண்டதில்லை.

வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. தாலி கட்டும் நேரத்தில் எனக்குத் தலை பாரம், பக்கத்தில் இருந்தவருக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. "ஏசி சுகம்" என்றார் அவர். திணறலுக்கே சுகம் என்று பெயர் வாங்கித் தந்த கைராசி உங்களுடையது.

வெளியே வந்தேன். பக்கத்துச் சந்தில் ஓர் ஓட்டு வீடு. அதன் திண்ணையைப் பார்த்தபடி ஏழு அவுட்டோர் யூனிட்டுகள். ஒரு டன் ஏசி உள்ளிருந்து எடுக்கும் சூடு மூன்றரை கிலோவாட். கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் சூடாகி அதோடு சேர்ந்துகொள்ளும். பத்திரிகை வைக்காத வீட்டுக்கும் கல்யாணத்தில் பங்கு கொடுத்திருக்கிறீர்கள். திண்ணையில் ஒரு பாட்டி முறத்தில் பருத்தியை வைத்துச் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார். யூனிட் ஓடத் தொடங்கியதும் பஞ்சு பறந்தது. முந்தானையால் முறத்தை மூடிக்கொண்டு எழுந்தார். "முகூர்த்த நாள்னா திண்ணையில உக்கார முடியலப்பா" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளிர்சாதனத்தையும் காற்றோட்டத்தையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. அதில் பாதியை இவ்வளவு கச்சிதமாக முடித்தவர் நீங்கள்.

மீதிப் பாதி பெரிய வேலை இல்லை. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே இழுக்க ஒரு ஃபேன், கெட்ட காற்றை வெளியே தள்ள எக்ஸாஸ்ட், அடைத்த ஜன்னல்களில் நாலைந்தையாவது திறந்து மூடும்படி திரும்ப வைப்பது, யூனிட்டுகளை மொட்டை மாடிக்கு ஏற்றுவது. மண்டபத்துக்காரர் செலவைச் சொல்லி மறுத்தால், பாட்டியின் திண்ணையில் அவரைப் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்குள் இதைச் செய்துவிடுங்கள் ஐயா. அன்றைக்கு என் புகழ்ச்சிக்கு ஒரே பொருள்தான் இருக்கும்.