வகுக்காமலே வகுபடாது என்று சொல்வது எப்படி?

கேள்வி: 2-இன் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 39 இலக்க எண், பகா எண் என்று 1876ஆம் ஆண்டிலேயே நிறுவினார்களாமே! உட்கார்ந்து வகுத்துக்கொண்டே இருந்தார்களா?

பதில்: வகுத்திருந்தால் இன்னமும் உட்கார்ந்திருப்பார்கள். தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணே பகா எண். இந்த எண்ணை அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 20 இலக்க எண்கள் வரை, வினாடிக்கொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பவருக்குப் பிரபஞ்சத்தின் வயதும் போதாது. பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா குறுக்குவழி ஒன்றைக் கண்டார். பின்னாளில் லேமர் என்ற கணித அறிஞர் எளிமையாக்கிய அதன் வடிவில், 4-இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கை விட இரண்டு குறைவான படிகளின் முடிவில் மீதி பூச்சியமானால், சோதித்த எண் பகா எண். 2-இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 31-ஐ எடுத்துக்கொண்டால், 4 என்பது 14 ஆகி, 14 என்பது 194 ஆகி, அதை 31-ஆல் வகுக்க மீதி 8 ஆகி, 8 என்பது 62 ஆகும். 62-இல் 31 இரண்டு முறை அடங்குவதால் மீதி பூச்சியம், ஆகவே 31 பகா எண். இங்கே மூன்றே படிகள். 39 இலக்க எண்ணுக்கு 125 படிகள், அவ்வளவுதான் (அந்த “அவ்வளவுதான்” தாளும் பேனாவுமாக அமர்பவரின் முதுகுக்குத்தான் தெரியும்). அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று எண்ணுவதும் தவறு: 11 பகா எண்தான், ஆனால் 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047, 23-ஐயும் 89-ஐயும் பெருக்கக் கிடைப்பது. லூக்காவின் எண்ணை விடப் பெரிய பகா எண் எதையும் 1951 வரை எவரும் நிறுவவில்லை.