ஒரு பைசா மிச்சம்

எங்கள் வீட்டில் சிக்கனத்துக்கு ஒரே விதிதான். செலவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆளில்லாத அறையில் எரிகிற லைட்டு வாசல்வரை தெரியும். ஆகவே அது குற்றம். கீசர் பாத்ரூமுக்குள் பரண் உயரத்தில் சத்தமில்லாமல் தொங்குகிறது. ஆகவே அது அத்தியாவசியம்.

இந்த விதியை இயற்றியவர் என் அப்பா. சம்பளம் வாங்கிய காலத்தில் அவருக்கு வீட்டு நிர்வாகத்தில் பெரிய அக்கறை கிடையாது. ரிட்டயர் ஆன மறுநாள் குரோம்பேட்டை வீட்டின் ஸ்விட்ச் போர்டுகள் அத்தனையும் அவர் வசம் வந்துவிட்டன. பேனா எடுக்க அடுத்த அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் இந்த அறை இருட்டாகியிருக்கும். பாத்ரூமில் ஆள் இருக்கும்போதே வெளியிலிருக்கும் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். உள்ளேயிருந்து அலறினால், "உள்ள இருக்கறவங்க ஒரு குரல் குடுத்துட்டே இருக்கக் கூடாதா?" என்பார்.

ஒருநாள் என் மகன் மாட்டினான். ஹால் லைட்டைப் போட்டுவிட்டு மொட்டைமாடியில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

"டேய், ஹால்ல யாருக்குடா லைட்டு எரியுது? என்ன, உங்கப்பன் வீட்டுக் கரண்ட்டா?"

"ஆமா தாத்தா. மீட்டர் அப்பா பேர்லதான இருக்கு."

அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. மீட்டரை என் பேரில் வைத்துக்கொண்டது நான்தானே.

நியாயமாகப் பார்த்தால் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் பழகியது 60 வாட் குண்டு பல்போடு. அது பதினேழு மணி நேரம் எரிவதற்குள் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். அப்போது லைட்டை அணைத்தால் நிஜமாகவே காசு மிஞ்சியது. இப்போது ஹாலில் இருப்பது 9 வாட் எல்.இ.டி. இரவு பகலாக 111 மணி நேரம், அதாவது நாலரை நாளுக்கும் மேல் எரிந்தால்தான் ஒரு யூனிட். பல்பு மாறிவிட்டது, திட்டு மட்டும் இன்னும் 60 வாட்டிலேயே இருக்கிறது.

கால் மணி நேரம் அந்த லைட்டு வீணாக எரிந்தது என்று வையுங்கள். யூனிட் நாலரை ரூபாய் என்று போட்டாலும் நஷ்டம் ஒரு பைசா. சந்தேகமிருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். 25 பைசாவையும் அதற்குக் கீழான காசுகளையும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அரசாங்கம் செல்லாதாக்கிவிட்டது. ஆக, நாட்டில் இல்லாத ஒரு காசை மிச்சம்பிடிக்க எங்கள் வீட்டில் நிஜமாகவே ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

அதே அப்பா காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் கீசரைப் போடுவார். பச்சைத் தண்ணீர் அவர் உடம்புக்கு ஆகாது. எங்களுடையது 25 லிட்டர் கீசர். ஒரு தடவை நன்றாகச் சுட ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். அப்பாவின் ஒரு குளியலும் ஹால் லைட்டின் 111 மணி நேரமும் ஒன்று. அந்த ஒரு குளியலை ஈடுகட்ட, கால் மணி நேர லைட்டுக்காக அவர் 444 தடவை கத்த வேண்டும். ஒரே நாளில் அவ்வளவு முடியாது, பாவம், வயதாகிவிட்டது.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டு அவரிடம் காட்டினேன். முழுக்கப் படித்தார். "இதைப் போட எவ்வளவு நேரம் லைட்டு எரிஞ்சுது?" என்று கேட்டார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரம் வீட்டில் எல்லோரும் ஒற்றுமையாகிவிடுவோம். காரணம் 500 என்ற எண். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை வைத்துச் சொல்கிறேன்: முதல் 100 யூனிட் இலவசம் போக, சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. தாண்டியவர்களுக்கு 101-லிருந்து 200 வரைக்கான பாதி விலைச் சலுகை கிடையாது. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். ஆகவே மீட்டர் 480-ஐத் தொட்டதும் அயர்ன் பாக்ஸை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். என் சட்டைகள் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போகும். சட்டைக்குப் பத்து ரூபாய். அது கரண்ட் பில்லில் வராது. ஆகவே அது செலவில்லை.

ஏ.சி. என் மகனுடைய இலாகா. ஸ்டார் ஒட்டிய ஏ.சி. எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020-லிருந்து விதி. அவன் அதை 18-க்கு இறக்கிவிட்டு, குளிருகிறது என்று ஃபேனை நிறுத்துவான். ஃபேனை நிறுத்தியதைச் சிக்கனத்தில் சேர்த்துக்கொள்ளும்படி தாத்தாவிடம் மனு வேறு கொடுப்பான்.

அப்பாவின் பனியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த வீட்டிலும் பனியனுக்கு ஒரு வரிசைக்கிரமம் உண்டு. முதலில் சட்டைக்குள். கழுத்து தொளதொளத்ததும் வீட்டோடு. அக்குளில் ஓட்டை விழுந்ததும் அடுப்படிக்குக் கரித்துணி. அங்கே கருகி, மஞ்சள் ஏறி, விளிம்பு நார்நாரானதும் ஸ்கூட்டர் துடைக்க. கடைசியில் சிங்குக்கு அடியில் குழாய் சொட்டுகிற இடத்தில் கட்டிவிட வேண்டியது. அப்பா இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார். "ஓட்டைதான? காத்து வரும்." மேலே இருக்கிற அதிகாரி எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் வாங்கினால் ஆபீஸே முடங்கிவிடும் இல்லையா, அப்படி, அடுப்படியில் கைசுட, ஸ்கூட்டர் புழுதி மண்டிக் கிடக்க, குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. போன மாதம் ஒரு பனியன் வாஷிங் மெஷினில் கிழிந்துவிட்டதாக என் மனைவி அறிவித்தாள். கிழிசல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தது. யாரும் விசாரிக்கவில்லை. அன்றைக்கே ஸ்கூட்டர் பளபளத்தது.

டூத்பேஸ்ட்டைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி, பிறகு வயிற்றைக் கிழித்து வழிப்பதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பது. தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவதும் அப்படியே. அதற்கெல்லாம் பெருமை கொண்டாட முடியாது.

வெங்காயம் கதை வேறு. சென்னையில் அறுபது தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் போய்வர மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. அந்த டோக்கனில் அப்பா கோயம்பேடு போனார். கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் லாபம் என்று பத்துக் கிலோ வாங்கினார். மூட்டையோடு பஸ் ஏற முடியாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோவுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அது போக்குவரத்துக் கணக்கு. வெங்காயக் கணக்கோட ஏன் சேர்க்கறே?" என்றார். வெங்காயத்தில் பாதி முளைவிட்டதும் அதைத் தோட்டக் கணக்கில் எழுதிவிட்டோம்.

பணம் நிஜமாக மிஞ்சுகிற இடம் சமையலறை. அங்கே சத்தமே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு அன்றைக்கு இட்லி, மறுநாள் தோசை, அதற்கு மறுநாள் வெங்காயமும் பச்சைமிளகாயும் தூவி ஊத்தப்பம். இன்னும் புளித்தால் குழிப்பணியாரம். மிஞ்சிய இட்லி உதிர்ந்து உப்புமா. அரிசி முதலில் களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, இரண்டாவது களைந்தது புளி கரைக்க. அப்பளம் பொரித்த எண்ணெய் அன்றைய தாளிப்புக்கே போய்விடும். பருப்பு ராத்திரியே ஊறுவதால் காலையில் குக்கர் அதிகம் கூவாது. இதையெல்லாம் என் மனைவி சிக்கனம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "பின்ன, கொட்டவா முடியும்?" என்பாள்.

சிலிண்டரில் எவ்வளவு பாக்கி என்று அவள் பார்க்கிற விதம் அழகு. ஒரு ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகத் துடைப்பாள். இரண்டு நிமிஷம் சும்மா நிற்பாள். கேஸ் திரவமாகக் கிடக்கிற பகுதி ஜில்லென்று இருப்பதால் அங்கே ஈரம் சீக்கிரம் காயாது. மேலே காலியான பகுதி மளமளவென்று உலர்ந்துவிடும். நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் சுண்டுவிரலை வைத்து, "வெள்ளிக்கிழமை வரைக்கும் வரும்" என்பாள். இன்ஜினியரிங் படிக்கிற என் மகன் இதற்கு ஒரு ஆப் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது வெள்ளிக்கிழமை சிலிண்டர் தீர்ந்தது.

கறிவேப்பிலை கொசுறு தராத கடையில் கத்தரிக்காயைச் சும்மா கொடுத்தாலும் அவள் வாங்க மாட்டாள். செடி வீட்டிலேயே இருக்கிறதே என்றால், "அது செடி. இது மரியாதை" என்று பதில் வரும்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது ஊரறிந்த உண்மை. ஷாம்புவுக்கு மட்டும் அது பலிக்காது. பாட்டிலைத் திருப்பி மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள், பிறகு ஒரு ரூபாய் பாக்கெட்டுக்கும் போடுங்கள். பல பிராண்டுகளில் பாக்கெட்தான் பாட்டிலைவிட மலிவாக இருக்கும். பெரிய பாட்டில் வாங்குகிற பணக்காரர்கள் தெரியாமல் அதிகம் கொடுக்கிற அபூர்வமான சரக்கு இது. இந்தப் பாக்கெட்டுகள் இந்தியா முழுக்கப் பரவ வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்துத்தான் மகன் ரங்கநாதன் தன் ஷாம்புவுக்குச் சிக் என்று பெயர் வைத்தார். எங்கள் பாத்ரூமில் ஆணியில் ஒரு சரம் எப்போதும் தொங்கும். விருந்தாளி வந்தால் மட்டும் காலி பாட்டில் ஒன்று முன்னால் வந்து நிற்கும், கௌரவத்துக்கு.

கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரிந்தது 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டி.வி.யில் அறிவிப்பு வந்தது. "நம்மகிட்ட என்ன இருக்கு, கவலைப்பட?" என்று அப்பா படுக்கப் போய்விட்டார். அம்மா படுக்கவில்லை. காலையில் கூடத்தில் கடுகு டப்பா, பெருங்காய டப்பா, மூடி துருவேறிய ஒரு பழைய பால்பவுடர் டின், அரிசி டிரம்மின் அடியிலிருந்து வந்த மஞ்சப்பை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளே நாலாக மடித்த ஐந்நூறுகள். அம்மாவின் சிறுவாடு.

"இதெல்லாம் எங்கேர்ந்து வந்துது?" என்றார் அப்பா.

"எல்லாம் நீங்க குடுத்ததுதான்."

ஊர் முழுக்க ஒரு விலை விற்ற கத்தரிக்காய் எங்கள் வீட்டுக்கு மட்டும் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாக விற்ற மர்மம் அன்றைக்குத்தான் அப்பாவுக்கு விளங்கியது. வங்கி வரிசையில் அவர்தான் போய் நின்றார். கேஷியர் நோட்டுக் கட்டை வாங்கி எண்ணத் தொடங்கி, நிறுத்தி, மூக்கருகே கொண்டுபோனார். "பெருங்காயமா சார்? எங்க வீட்ல மொளகாத்தூள்" என்றாராம்.

அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம் என்று அம்மாவைக் கேட்டோம். அப்பா வெந்நீருக்காகக் கஷ்டப்படுகிறாரே என்று கீசர் வாங்கச் சொன்னாள்.

இப்போது அம்மாவின் சிறுவாடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நோட்டை அவள் நம்புவதில்லை என்பது மட்டும் தெரியும். கடுகு டப்பாவில் கடுகுதான் இருக்கிறது, மகன் பார்த்துவிட்டான்.

இனி ஒரு வேண்டுகோள். எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கட்டைப்பை தொங்குகிறது. அதற்குள் இன்னொரு கட்டைப்பை, அதற்குள் நாலாக மடித்த பத்துப் பதினைந்து. தீபாவளிக்குத் தீபாவளி ஜவுளிக்கடைகள் கொடுத்தவை. பரணில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் தனிக் கட்டாக இருக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோதும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கம் அறிவித்தபோதும் நாங்கள் அசரவில்லை. எங்களுக்கு அது எப்போது போனது, மீண்டும் வர? ஆனால் இப்போது பரணில் வேறு எதையும் வைக்க இடமில்லை. பை தேவைப்படுகிறவர்கள் வந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மனைவியிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். அள்ளிப் போட்டுக்கொண்டு போக ஒரு பை மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். அதற்கென்று தனியாகப் பை தர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.